ரெஷென் கணவாய் முதல் கார்டா ஏரி வரை நிதானமான சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடக்கு இத்தாலியில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய ரெஷென் கணவாயில் எட்ச் ஆறு பிறக்கிறது. இத்தாலிய மொழியில் அதன் பெயர் அடிஜே. ஆற்றோடு கூடவே ஃபின்ஷ்காவ் பள்ளத்தாக்கு, மெரான், போட்சன், திரெந்தோ என்று இறங்கி, கடைசி நாளில் ஆற்றை விட்டு விலகி கார்டா ஏரிக்குப் போகிறது இந்தப் பாதை. மொத்தம் சுமார் 230 கி.மீ. பெரும்பகுதி மோட்டார் வண்டிகள் வராத தனிப் பாதை. மிச்சம் தோட்டச் சாலைகளும் கிராமத் தெருக்களும். ஆல்ப்ஸ் மலையில் முதன்முதலாகச் சைக்கிள் விடப் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இந்தப் பாதையைத்தான்.

மலை ஏறிப் பழக்கமே இல்லை. என்னால் முடியுமா?

முடியும். ரெஷென் ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கார்டா ஏரி 65 மீட்டரில். கணக்கு முழுக்க உங்கள் பக்கம்தான். ஆனாலும் ஏற்றமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ரெஷென் ஏரியின் மேற்குக் கரைப் பாதை ஏறி இறங்கிப் போகும், அதில் சில துண்டுகள் குட்டையானாலும் செங்குத்தானவை. கடைசி நாளில் மோரியிலிருந்து நாகோ போகும்போது 287 மீட்டர் உயரமுள்ள சான் ஜொவான்னி மேட்டைத் தாண்ட வேண்டும். இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

கால் வலிமையைவிட, தினமும் மூன்று நான்கு மணி நேரம் சீட்டில் உட்காரும் பழக்கம்தான் முக்கியம். கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பிருந்து வாரக் கடைசியில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல 25 முதல் 30 கி.மீ. ஓட்டுங்கள். முதல் நாள் யாராலும் ஓட்டிவிட முடியும். மறுநாள் காலையில் மறுபடி சீட்டில் உட்கார முடிகிறதா என்பதுதான் சோதனை.

எத்தனை நாள் வைத்துக்கொள்வது?

ஓட்டுவதற்கு ஆறு நாள், மெரானில் ஓய்வுக்கு ஒரு நாள். நாங்கள் பரிந்துரைக்கும் பிரிவு இது:

முதல் நாள் ரெஷெனிலிருந்து குளூர்ன்ஸ், சுமார் 23 கி.மீ. இரண்டாம் நாள் ஷ்லாண்டர்ஸ் வரை 25. மூன்றாம் நாள் நாட்டுர்ன்ஸ் வழியாக மெரான், 38. ஓய்வுக்குப் பிறகு மெரானிலிருந்து போட்சன் 30, போட்சனிலிருந்து திரெந்தோ 65, திரெந்தோவிலிருந்து ஏரிக்கரையில் இருக்கும் டோர்போலே சுமார் 48. அந்த 65 கி.மீ. நாள் சமதளம்தான். இருந்தாலும் நீளம் என்று தோன்றினால் நோய்மார்க்ட் அல்லது சலூர்னில் ஓர் இரவு தங்கி இரண்டாக்கிக்கொள்ளுங்கள்.

ரெஷெனிலிருந்து மெரான் வரை இறக்கம் என்பதால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று பலருக்கும் ஆசை வரும். உடம்பால் முடியும்தான். ஆனால் அப்படிப் போனால் குளூர்ன்ஸ், லாஸ், நாட்டுர்ன்ஸ் மூன்றும் பெயர்ப் பலகைகளாக மட்டுமே கண்ணில் படும். இந்தப் பாதையின் உயிர் மேல் பாதியில் இருக்கிறது. நாள் குறைவாக இருந்தால் கீழ்ப் பாதியை வெட்டுங்கள், மேல் பாதியில் கை வைக்காதீர்கள்.

காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

எட்டு, எட்டரைக்குள். இந்தப் பாதையில் சரிவு உங்களுக்குச் சாதகம், காற்று அப்படியல்ல. போட்சனுக்குத் தெற்கே வெயிலுள்ள நாட்களில் பகலில் நிலம் சூடாகி, கார்டா ஏரிப் பக்கத்திலிருந்து ‘ஓரா’ என்ற தெற்குக் காற்று பள்ளத்தாக்கில் ஏறி வரும். மதியத்துக்கு மேல் அது எதிர்க்காற்று. காலையில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் சுலபமாகப் போனவர்கள், மூன்று மணிக்கு அதே சமதளத்தில் 11, 12-க்கு மேல் போக முடியாமல் திணறுவார்கள். திரெந்தோ நாளில் மதியச் சாப்பாட்டுக்குள் 45 கி.மீ. கடந்துவிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் காலையில் கிளம்ப இன்னொரு காரணமும் உண்டு: பிற்பகல் இடிமழை. வானம் கருத்து இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கட்டடத்துக்குள் போங்கள், கிராமத்துக்குக் கிராமம் தூரம் குறைவு.

எந்த மாதம் நல்லது?

செப்டம்பர். ஆப்பிள் சிவந்திருக்கும், வெயில் தணிந்திருக்கும், இடிமழை குறைந்திருக்கும். அதற்கு அடுத்தது மே கடைசியும் ஜூனும். ஜூலை, ஆகஸ்டில் போட்சன் பள்ளத்தாக்கில் வெயில் 35 டிகிரியைத் தொடும். “ஆல்ப்ஸ்தானே, குளிரும்” என்று போகிறவர்கள் அங்கே திகைத்துப்போவார்கள். அதே வாரத்தில் ரெஷெனில் விடியற்காலை ஸ்வெட்டர் வேண்டும்.

வசந்த காலத்தில் ரெஷென் ஏரியில் தண்ணீர் வெகுவாக இறக்கப்பட்டிருக்கும். முழுகிப்போன கிரவுன் ஊரிலிருந்து மிஞ்சி நீருக்குள் நிற்கும் தேவாலயக் கோபுரத்தைப் பார்க்க வந்தவர்கள் சேற்றுத் தரையில் நிற்கும் கோபுரத்தைப் பார்க்க நேரும். ஏப்ரலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பூத்த ஆப்பிள் மரங்களை உறைபனியிலிருந்து காக்க இரவில் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் பூவைக் காப்பாற்றும். ஆனால் பாதையில் விழுந்த தண்ணீரும் சேர்ந்து உறைந்திருக்கும்.

மழையைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். இருபுறமும் உயர்ந்த மலைகள் மேகத்தைத் தடுப்பதால் ஃபின்ஷ்காவ் ஆல்ப்ஸிலேயே வறண்ட பள்ளத்தாக்குகளில் ஒன்று. ஆண்டுக்குச் சுமார் 500 மி.மீ. மழைதான்.

விசாவும் பயண வழியும் எப்படி?

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். மியூனிக்கில் இறங்கினாலும் அதிக இரவுகள் இத்தாலியில் என்பதால் இத்தாலிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாலிசியில் சைக்கிள் விபத்து விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிட முன்பதிவைக் காட்ட வேண்டியிருப்பதால், மேலே சொன்ன ஊர்ப் பிரிவை முதலிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது. சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை.

மியூனிக்கிலிருந்து பிரென்னர் வழியாகப் போட்சனுக்கு நேரடி ரயில் உண்டு, சுமார் நான்கு மணி நேரம். அங்கிருந்து மெரான், மெரானிலிருந்து மால்ஸ். மெரான்–மால்ஸ் ரயில் பாதை 1990-இல் மூடப்பட்டு 2005-இல் மறுபடி திறக்கப்பட்டது, 60 கி.மீ. நீளம். மின்மயமாக்கும் வேலைக்காகச் சில காலங்களில் ரயிலை நிறுத்தி மாற்றுப் பஸ் விடுகிறார்கள். மாற்றுப் பஸ்ஸில் சைக்கிளுக்கு இடம் இருக்காது என்பதால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மால்ஸிலிருந்து ரெஷெனுக்குப் பஸ், அல்லது சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும் ஷட்டில் வண்டி.

ஆஸ்திரியாவிலிருந்தே ஓட்டி வர முடியாதா?

வரலாம். லாண்டெக் ஊரில் தொடங்கி இன் ஆற்றங்கரையில் மேலேறி, கொஞ்சதூரம் சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்து, மார்ட்டினாவிலிருந்து நோர்பெர்ட்ஸ்ஹோயே என்ற மேட்டுக்கு வளைந்து வளைந்து ஏற வேண்டும். அந்த ஏற்றம் மட்டும் சுமார் 370 மீட்டர். ஈ-பைக் இருந்தாலோ, ஏறிப் பழகியிருந்தாலோ அருமையான நாள். ஃபின்ஸ்டர்மூன்ஸ் வழியாகப் போகும் பிரதான நெடுஞ்சாலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். லாரிகளும் மூடிய சுரங்கப் பகுதிகளும் நிறைந்தது. சுவிஸ் எல்லைக்குள் போன் ரோமிங்கை அணைத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான சிம் பல சுவிட்சர்லாந்தில் செல்லாது, அல்லது தனிக் கட்டணம் போடும்.

வாடகைக்கு எடுக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பின்புறம் கேரியர் உள்ள டிரெக்கிங் சைக்கிள் போதும், டயர் அகலம் 40 முதல் 47 மி.மீ. இடையிடையே இறுகிய ஜல்லிப் பாதை வருவதால் மெல்லிய ரேஸ் டயர் வேண்டாம். 70 கிலோ எடையுள்ளவருக்கு 3 முதல் 3.5 பார் காற்று. சுமையும் உடம்பும் கூடினால் பின்சக்கரத்தில் 4 வரை.

பிரேக்கை முதலில் பாருங்கள். நம் ஊர் சைக்கிளில் பெரும்பாலும் வலது கைதான் முன்பிரேக். அங்கே வாடகை சைக்கிள்களில் பெரும்பாலும் இடது கை முன்பிரேக். கடை வாசலிலேயே பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி, எந்தக் கை எந்தச் சக்கரம் என்று கைக்குப் பழக்குங்கள். பிறகு லீவரை முழுப் பலத்தோடு பிடியுங்கள். அது ஹாண்டில்பாரைத் தொட்டால் அந்தச் சைக்கிள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சீட் உயரத்துக்குச் சுலபமான வழி: சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலின் மேல் வைத்து அடிவரை சுற்றுங்கள். கால் அப்போது நேராக நிற்க வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பதால் முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் சரியான அளவு. சரியானதும் சீட் தண்டில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போதே கேளுங்கள்: ட்யூப் அளவு என்ன, வால்வு எந்த வகை, பழுதானால் எந்த எண்ணில் கூப்பிடுவது, எந்த ஊரில் திருப்பிக் கொடுக்கலாம். ரெஷெனிலிருந்து சலூர்ன் வரையுள்ள தென் திரோல் மாகாணத்துக்குள், மால்ஸில் எடுத்து மெரானிலோ போட்சனிலோ விடக்கூடிய கடைகள் உண்டு. கார்டா ஏரியில் விடுவது எல்லாக் கடைகளுக்கும் ஒத்துவராது. அப்போது ரோவெரேட்டோவிலிருந்து ரயிலில் சைக்கிளோடு போட்சனுக்குத் திரும்ப வேண்டும்.

ஈ-பைக் எடுப்பது ஏமாற்று இல்லையா?

இல்லை. ஒரே குடும்பத்தில் வெவ்வேறு வயதுள்ளவர்கள் சேர்ந்து ஓட்ட அதுதான் வழி. சட்டப்படி 25 கி.மீ. வேகம் வரைதான் மோட்டார் உதவும். 500 வாட்-மணி பாட்டரி இந்தப் பாதையில் ஒரு நாளைக்குத் தாராளம். சார்ஜரையும் பாட்டரிப் பூட்டின் சாவியையும் வாங்க மறக்க வேண்டாம். ஒன்று நினைவில் இருக்கட்டும்: வண்டியே 25 கிலோவைத் தொடும். ரயில் நிலையப் படிக்கட்டில் தூக்கி ஏற்றும்போதுதான் அந்த எடை தெரியும். ஊரிலிருந்து சொந்த ஈ-பைக் கொண்டுபோக நினைக்காதீர்கள். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பாட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடிப்பது எப்படி?

இந்தப் பாதையில் நடக்கும் பெரும்பாலான விபத்துகளுக்கு ஏற்றம் காரணமல்ல, இறக்கம்தான். ஏரி முடியும் சாங்க்ட் வாலென்டினிலிருந்து குளூர்ன்ஸ் வரை ஐந்நூறு மீட்டருக்கு மேல் இறங்குகிறீர்கள். மெரானுக்குச் சற்று முன்னால், டோல் என்ற இடத்தில், பள்ளத்தாக்கே ஒரு படி கீழே விழுகிறது. பாதை கொண்டை ஊசி வளைவுகளாகச் சுற்றி ஆல்குண்டுக்கு இறங்கும்.

பயத்தில் லீவரை லேசாகப் பிடித்தபடியே ஐந்து கி.மீ. இறங்குவதுதான் தவறான முறை. தொடர்ந்து உரசினால் டிஸ்க்கும் பேடும் சூடேறிக்கொண்டே போகும், ஆறுவதற்கு இடைவெளி கிடைக்காது. பேடின் மேல்பரப்பு கண்ணாடிபோல் வழுவழுப்பாகி, பிடித்தாலும் நிற்காது. கிறீச்சென்று சத்தமும் வரும். விரல்களும் மரத்துப்போகும். சரியான முறை இதற்கு நேர்மாறானது. நேரான பகுதியில் கையை எடுத்துவிடுங்கள். வளைவு வருவதற்கு 20, 30 மீட்டர் முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தை நடை வேகத்துக்குக் கொண்டு வாருங்கள். பிறகு விட்டுவிட்டு, வளைவின் முடிவைப் பார்த்தபடி திரும்புங்கள். வளைவுக்குள் முன்பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும். உள்பக்கப் பெடல் மேலே, வெளிப்பக்கப் பெடல் கீழே.

வலது பக்கத்திலேயே இருங்கள். எதிரே மேலேறி வருகிறவர்கள் வளைவில் அகலமாக எடுத்து வருவார்கள். செப்டம்பரில் பாதையில் விழுந்து நசுங்கிய ஆப்பிள், தோட்டத் தெளிப்பான் நனைத்த வளைவு, டிராக்டர் சக்கரத்தில் வந்த மண் மூன்றுமே வழுக்கும். பாதி இறக்கத்தில் இரண்டு நிமிடம் நின்று கையை உதறுங்கள். டிஸ்க்கை மட்டும் தொடாதீர்கள், தோல் வெந்துபோகும்.

இறங்கத் தொடங்கும் முன்பே காற்று புகாத ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். வியர்த்த உடம்போடு இறங்கினால் ஐந்தே நிமிடத்தில் நடுக்கம் பிடிக்கும்.

பஞ்சர் ஆனால்?

ஒரு ட்யூப், இரண்டு டயர் லீவர், சின்னப் பம்ப், ஒரு ஜோடி மெல்லிய கையுறை. இவ்வளவு போதும். பின்சக்கரமானால் கழற்றும் முன் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள். ட்யூபை எடுத்ததும் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவிப் பார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் புது ட்யூபைப் போடுவதால்தான் பத்தாவது நிமிடத்தில் அது மறுபடியும் பஞ்சராகிறது, முள் இன்னும் டயரிலேயே இருப்பதால். வேலி வெட்டும் காலத்தில் பாதையோரம் முட்கள் அதிகம். புது ட்யூபில் முதலில் கொஞ்சம் காற்றடித்து உருண்டையாக்கி உள்ளே வையுங்கள். இல்லாவிட்டால் மடிந்து, டயருக்கும் ரிம்முக்கும் இடையில் சிக்கிக் கிழியும்.

முழங்கால், பின்பக்கம், கை வலிக்காமல் இருக்க?

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு. பின்பக்கம் வலித்தால் உயரம். கடினமான கியரில் மெதுவாக மிதிப்பதும் முழங்காலைக் கெடுக்கும். நிமிடத்துக்கு 70, 80 சுற்று வரும்படி இலகுவான கியரில் ஓட்டுங்கள். பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. அதன் தையல்தான் தோலை உரசிப் புண்ணாக்குகிறது. மேலே தளர்வான பேன்டோ சுடிதாரோ போட்டுக்கொள்ளலாம், நீளமான துப்பட்டாவை மட்டும் சக்கரத்துக்கு எட்டாமல் கட்டிக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் மரத்தால் உடம்பின் பாரத்தைக் கையில் போடுகிறீர்கள் என்று அர்த்தம். ஹாண்டில்பாரை உயர்த்தச் சொல்லுங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் சமாளிக்க முடியுமா?

நன்றாகவே. ஆனால் எதில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கீரையும் பாலாடையும் வைத்து மடித்த ஷ்லுட்ஸ்க்ராப்ஃபென் என்ற அரைவட்டக் கொழுக்கட்டை, கீரை அல்லது சீஸ் க்னோடல், பொலெந்தா என்ற சோளமாவுக் களி, காளான் வதக்கல் எல்லாம் எங்கும் கிடைக்கும். க்னோடல் என்பது பழைய ரொட்டியைப் பிசைந்து வேகவைக்கும் உருண்டை. அதில் ‘ஷ்பெக்’ என்று இருந்தால் உப்பிட்டுப் புகையிட்ட பன்றி இறைச்சி. பார்லி சூப்பில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். உருண்டை மிதக்கும் தெளிவான சூப் மாட்டிறைச்சி வேகவைத்த நீராகவே இருக்கும், மெனுவில் அதைக் குறிப்பிட மாட்டார்கள். வறுத்த உருளைக்கிழங்கிலும் முட்டைக்கோசிலும் ஷ்பெக் துண்டுகள் வரலாம். ‘ஓனே ஃப்ளைஷ், ஓனே ஷ்பெக்’ என்று ஜெர்மனில் சொல்லுங்கள்; சலூர்னுக்குத் தெற்கே ‘சென்சா கார்னே’. முட்டையும் சாப்பிடாதவர்கள் கொஞ்சம் சிரமப்படுவார்கள். க்னோடல், புது பாஸ்தா, கைசர்ஷ்மார்ன் என்ற பிய்த்த இனிப்பு அப்பம் எல்லாவற்றிலும் முட்டை உண்டு. அவர்களுக்குத் தக்காளிச் சாறிட்ட உலர் பாஸ்தா, பீட்சா, பொலெந்தா.

ஃபின்ஷ்காவில் பேக்கரிக்குப் போனால் ‘பார்ல்’ கேளுங்கள். இரண்டு வட்டங்கள் ஒட்டியபடி வரும் தட்டையான கம்புநிற ரை ரொட்டி அது. பிளந்து முகர்ந்தால் வெந்தய வாசனை வரும், அது கற்பனையல்ல. வெந்தயத்தின் இனத்தைச் சேர்ந்த நீலப்பூச் செடியின் இலையை உலர்த்திப் பொடித்து மாவில் சேர்க்கிறார்கள். இரண்டு மூன்று நாள் கெடாது. ஒரு துண்டு சீஸோடு பையில் இருந்தால் வழிச் சாப்பாடு முடிந்தது.

மதியச் சமையல் 12 முதல் 2 வரை, இரவு 6 அல்லது 7 முதல் 9 வரை. இரண்டரைக்குப் போய் நின்றால் கேக்கும் காபியும்தான் கிடைக்கும். வாரத்தில் ஒரு நாள் கடைக்குக் கடை விடுமுறை. கிராமத்தில் தங்கும் இரவுகளுக்கு இரவுச் சாப்பாட்டோடு சேர்த்து அறை எடுத்துவிடுங்கள்; சைவம் என்பதை முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள்.

வழியில் தண்ணீர்?

ஊர்ச் சதுக்கங்களில் மரத்தொட்டியிலோ கல்தொட்டியிலோ ஓயாமல் விழும் தண்ணீர் பெரும்பாலும் குடிநீர். ‘கைன் ட்ரிங்க்வாசர்’, ‘அக்வா நோன் பொட்டாபிலே’ என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள். தோட்டங்களுக்குப் பாயும் வாய்க்கால் நீரும் வேண்டாம்.

எங்கெங்கே நிற்க வேண்டும்?

கிரவுனில், ஏரிக்குள் நிற்கும் 14-ஆம் நூற்றாண்டுக் கோபுரத்தில். மின்சாரத்துக்காக 1950-இல் நீர்மட்டத்தை உயர்த்தியபோது கிரவுன் முழுவதும் ரெஷென் ஊரின் ஒரு பகுதியும் முழுகின. போனவை 163 வீடுகளும் 523 ஹெக்டேர் நிலமும். இடித்த ஊரில் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். கோபுரம் கிழக்குக் கரை ஓரம் இருக்கிறது. அமைதியான சைக்கிள் பாதையோ மேற்குக் கரையில். கோபுரத்தை அருகில் பார்க்க வேண்டும் என்றால் ரெஷெனிலிருந்து கிழக்குக் கரையில் போக வேண்டும்.

குளூர்ன்ஸ் சுமார் 900 பேர் வாழும் நகரம், சுற்றுமதில் முழுதாக நிற்கிறது. 1499-இல் கால்வென் போரில் அழிந்தபின் எழுப்பிய மதில் இது. பகலில் வருகிறவர்கள் மாலையில் போய்விடுவார்கள். அதனால்தான் அங்கே இரவு தங்கச் சொல்கிறோம்.

லாஸில் நடைபாதைக் கல்லைப் பாருங்கள், வெள்ளைப் பளிங்கு. உறைபனியைத் தாங்கும் இந்தக் கல்லில்தான் இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்க வீரர்களின் கல்லறைச் சிலுவைகள் பல்லாயிரம் செதுக்கப்பட்டன. ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் தொடக்கத்தில் போனால் அந்தப் பக்கத்து ஆப்ரிகாட் பழத்தை விடாதீர்கள்.

நாட்டுர்ன்ஸில் சாலையோரம் இருக்கும் சின்னத் தேவாலயம் சாங்க்ட் ப்ரோகுலுஸ். உள்ளே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சுவரோவியம்: ஊஞ்சலில் உட்கார்ந்ததுபோல் கயிற்றைப் பிடித்திருக்கும் ஒரு மனிதர், அகன்ற கண்கள். நகர மதிலிலிருந்து இறக்கிவிடப்படும் புனிதர் என்று பலர் விளக்குகிறார்கள். திறந்திருக்கும் நேரம் குறைவு, முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்சன் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஓட்ஸியின் உடல் இருக்கிறது. ஐயாயிரம் ஆண்டுக்கு மேலாகப் பனிக்குள் கிடந்து, 1991 செப்டம்பரில் நாட்டுர்ன்ஸுக்கு வடக்கே 3,210 மீட்டர் உயரத்தில் கண்டெடுக்கப்பட்டவர். அவர் கிடந்த மலைகளின் அடிவாரத்தைச் சைக்கிளில் கடந்துவிட்டு வந்து பார்க்கும்போது அந்த உயரமும் தூரமும் மனதில் பதியும். கோடையில் டிக்கெட் முன்பதிவு அவசியம்.

பாதையோரம் இவ்வளவு ஆப்பிள், ஒன்று பறிக்கலாமா?

கூடாது. ஒவ்வொரு மரமும் ஒரு குடும்பத்தின் வருமானம். தோட்ட வாசல்களில் பழப்பெட்டியும் காசு போடும் டப்பாவும் வைத்திருப்பார்கள், அதில் வாங்குங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

வசந்தத்திலும் கோடையிலும் தோட்டங்களில் மருந்து தெளிப்பார்கள். மால்ஸ் ஊர் மக்கள் 2014-இல் பூச்சிமருந்துக்கு எதிராக வாக்கெடுப்பே நடத்தினார்கள். அந்தத் தீர்மானம் பின்னர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. தெளிக்கும் டிராக்டரைக் கண்டால் முந்தாதீர்கள். காற்று வரும் பக்கமாக நின்று, வரிசை முடியும்வரை காத்திருங்கள்.

ஊர்ப் பெயர்கள் ஏன் இரண்டு இரண்டாக இருக்கின்றன?

தென் திரோல் 1919 வரை ஆஸ்திரியாவோடு இருந்தது. இன்றும் சலூர்ன் வரை ஜெர்மன் பேசுகிறவர்களே அதிகம். பலகையில் இரு மொழியும் இருக்கும். ரயில் செயலியில் தேடும்போது மால்ஸ் என்பது மாலெஸ், குளூர்ன்ஸ் குளோரென்சா, ஷ்லாண்டர்ஸ் சிலாண்ட்ரோ, போட்சன் போல்சானோ. இந்தப் பட்டியலைப் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாதையில் ரோமானியப் பழஞ்சாலையின் பெயரான ‘வியா கிளாவ்டியா அவுகுஸ்தா’ பலகையும் கூடவே வரும்.

ரயிலில் சைக்கிளை ஏற்றுவது?

சைக்கிளுக்குத் தனி டிக்கெட். பல விடுதிகள் தரும் விருந்தினர் அட்டையில் தென் திரோலுக்குள் ரயிலும் பஸ்ஸும் இலவசம், சைக்கிள் அதில் சேராது. இத்தாலியில் பிராந்திய ரயிலின் காகித டிக்கெட்டை ஏறும் முன் இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும், மறந்தால் அபராதம். மழை நாளில் எல்லோரும் ஒரே ரயிலுக்கு வருவார்கள். காலை முதல் ரயிலில் இடம் இருக்கும். சைக்கிள்களைச் சாய்த்து வைக்கும்போது கியர் மாற்றும் பக்கம் அடுத்த சைக்கிளில் இடிக்காதபடி வையுங்கள். கியரைத் தாங்கும் சின்ன அலுமினியக் கொக்கி வளைந்தால் மறுநாள் கியர் தானாகத் தாவும்.

சட்டம், அவசர உதவி?

எல்லா அவசரத்துக்கும் 112. பெல்லும் விளக்கும் கட்டாயம். ஊருக்கு வெளியே இருட்டிலும், சுரங்கத்திலும் ஒளிரும் மேலங்கி போட வேண்டும். ஹெல்மெட் பெரியவர்களுக்கு இத்தாலியில் கட்டாயமில்லை, ஆனால் டோல் வளைவுகளைப் படித்தீர்களே, போட்டுக்கொள்ளுங்கள். வழி நெடுக ஒயின் தோட்டம். குடித்துவிட்டு ஓட்டுவது சைக்கிளிலும் குற்றம்தான்.

பெட்டியைச் சுமந்துகொண்டே ஓட்ட வேண்டுமா?

அடுத்த ஊருக்குப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவை உண்டு, காலை ஒன்பதுக்குள் வரவேற்பறையில் வைத்தால் போதும். சுமப்பதானால் பின்பக்கம் 20 லிட்டர் பை இரண்டு, எடை எட்டுக் கிலோவைத் தாண்டாமல். இரண்டிலும் சமமாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் கூடினால் இறக்கத்தில் வண்டி இழுக்கும்.

கடைசி நாளில் கவனிக்க வேண்டியது?

ரோவெரேட்டோவைத் தாண்டி மோரியில் ஆற்றை விட்டு மேற்கே திரும்புங்கள். லோப்பியோவில் ஏரி என்று வரைபடம் காட்டும், இடத்தில் சதுப்பு நிலம்தான் இருக்கும். 1950-களில் ஆற்றுக்கும் கார்டாவுக்கும் இடையே வெள்ளச் சுரங்கம் தோண்டியபோது அந்த ஏரி வற்றிப்போனது. மேட்டைத் தாண்டி நாகோ வந்ததும் கார்டா ஏரியின் வடக்குப் பகுதி கண்ணில் படும், உடனே கேமராவைத் தேடத் தோன்றும். வண்டியை ஓரம் கட்டிவிட்டு எடுங்கள். அங்கிருந்து டோர்போலே வரை பழைய சாலை இந்தப் பயணத்திலேயே செங்குத்தானது, நடப்பவர்களும் ஏறி வருகிறவர்களும் நிறைய. குழந்தைகளோடு வருகிறவர்கள் அந்தத் துண்டை இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுவது நல்லது.

ஏரியின் இந்த வடக்குக் கரையில் ரயில் நிலையம் இல்லை. பக்கத்து ஊரான ரீவாவிலிருந்தும் டோர்போலேயிலிருந்தும் ரோவெரேட்டோவுக்குப் பஸ் உண்டு, அங்கிருந்து வெரோனா ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். பஸ்ஸில் சைக்கிளுக்கு இடம் உறுதியில்லை. வாடகை சைக்கிளைத் திருப்ப வேண்டியவர்கள் மறுநாள் காலையில், காற்று எழும் முன்பே, அதே மேட்டை ஏறி ரோவெரேட்டோவுக்கு ஓட்டிப் போவதாகத் திட்டமிடுங்கள்.